முதல் கார் ஆடியோ: சப்வூஃபரும் ஆம்பும் வயரும் ஒன்றோடொன்று பொருந்துவது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் எழுதிவிடுகிறேன். பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை, மாதம் இரண்டு முறை ஓசூர் வழியாகச் சேலத்துக்குப் பயணம், அண்மையில் வாங்கிய பழைய ஹேட்ச்பேக், அதில் கம்பெனி பொருத்திக் கொடுத்த ஸ்டீரியோ. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில், அட்டைப்பெட்டியில் 1200 வாட் என்று அச்சிட்ட 12 அங்குல சப்வூஃபரையும் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர், சுருக்கமாகச் சப்) 3000 வாட் என்று அச்சிட்ட இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயரையும் (ஒலியைப் பெருக்கும் கருவி, சுருக்கமாக ஆம்ப்) காட்டி, இரண்டையும் சேர்த்து எடுத்தால் வயரிங் கிட் இலவசம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டின் விவரத் தாள்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். இவை இரண்டும் பொருந்துமா, 3000 வாட் ஆம்ப் 1200 வாட் சப்பை எரித்துவிடாதா, வயர் எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நேரடியான பதில் இதுதான். அந்த இரண்டும் நல்ல ஜோடி அல்ல. ஆனால் அதற்குக் காரணம் வாட் கணக்கு அல்ல, ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடைக் கணக்கு. இலவசமாகத் தரும் வயரிங் கிட்டை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் காரில் ஏற்றாதீர்கள். ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் நாளை எந்தக் கடைக்குப் போனாலும் நீங்களே தீர்மானிக்க முடியும்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் வாட் எண்ணை மறந்துவிடுங்கள். ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மட்டும் தாங்கக்கூடிய உச்ச அளவையோ, சில தயாரிப்புகளில் விற்பனைக்காகவே எழுதிய ஓர் எண்ணையோதான் அங்கே போடுகிறார்கள். நமக்கு வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய, தொடர்ந்து தாங்கக்கூடிய அளவு. உங்கள் சப்பின் தாளில் சிறிய எழுத்தில் 300 வாட் ஆர்.எம்.எஸ். என்று இருக்கிறது. ஆம்பின் தாளில் 4 ஓமில் சேனலுக்கு 100 வாட், 2 ஓமில் சேனலுக்கு 150 வாட், இரண்டு சேனல்களையும் பிரிட்ஜ் செய்தால், அதாவது இரண்டையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கரை இயக்க வைத்தால், 4 ஓமில் 300 வாட் என்று இருக்கிறது. விவரத் தாளில் சி.டி.ஏ.-2006 என்ற தர அளவீடு குறிப்பிடப்பட்டிருந்தால், 14.4 வோல்ட்டில் 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு இல்லாமல் 4 ஓம் சுமைக்கு அளந்த எண் அது என்று பொருள். அப்படி ஒரு குறிப்பு இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

குறிப்பு இல்லாத ஆம்பைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அதன் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸ்களைப் பாருங்கள். உங்கள் படத்தில் இரண்டு 20 ஆம்பியர் ஃபியூஸ்கள் தெரிகின்றன, ஆகக் கூடினால் 40 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 552 வாட். அந்த ஆம்ப் பேட்டரியிலிருந்து தொடர்ந்து இழுக்கக்கூடியதே அவ்வளவுதான். அது கிளாஸ் ஏபி வகை. இழுத்ததில் ஏறத்தாழ பாதியைத்தான் ஸ்பீக்கருக்குக் கொடுக்கும், மீதி வெப்பமாகப் போய்விடும். ஆகவே வெளியே வருவது சுமார் 300 வாட். தாளில் உள்ள சிறிய எழுத்து உண்மையைச் சொல்கிறது, பெட்டியின் மேலுள்ள 3000 சொல்லவில்லை. 300 வாட் தாங்கும் சப்புக்கு 300 வாட் ஆம்ப் என்பது நல்ல பொருத்தமாகத் தோன்றும். சிக்கல் இதற்குப் பிறகுதான் வருகிறது.

உங்கள் சப் இரட்டை வாய்ஸ் காயில் கொண்டது, அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள் இரண்டு உள்ளது. ஒவ்வொரு காயிலும் 4 ஓம். இரண்டு காயில்களையும் தொடரிணைப்பில், கடைக்காரர் மொழியில் சீரிஸில், இணைத்தால் 8 ஓம். பக்க இணைப்பில், அதாவது பேரலலில், இணைத்தால் 2 ஓம். ஒரே சப்பின் இரண்டு காயில்களையும் ஒன்றாகச் சேர்க்க இந்த இரண்டைத் தவிர வேறு வழி கிடையாது. 4 ஓம் வராது. உங்கள் ஆம்போ பிரிட்ஜ் நிலையில் 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று தாளிலேயே சொல்கிறது. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சேனலும் சுமையில் பாதியைத்தான் காண்கிறது என்பதை நினைவில் வையுங்கள்: 4 ஓம் சப்பைப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம், 2 ஓம் சப்பை மாட்டினால் ஒவ்வொரு சேனலுக்கும் 1 ஓம். உங்கள் ஆம்ப் 1 ஓமுக்காகச் செய்யப்பட்டது அல்ல. கடையில் பொருத்துபவர்கள் பெரும்பாலும் பேரலலில் 2 ஓமாக மாட்டி, சத்தம் அதிகமாக வருவதைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். கடை வாசலில் 5 நிமிடம் நன்றாகவே பாடும். கிருஷ்ணகிரி தாண்டுவதற்குள் ஆம்ப் சூடேறி, பாதுகாப்புச் சுற்று செயல்பட்டு நின்றுபோகும், ஆறியதும் பாடும், மறுபடி நிற்கும். அந்தப் பாதுகாப்பு இல்லாத மலிவான ஆம்பாக இருந்தால் உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

அப்படியானால் இந்த இரண்டையும் சேர்க்கவே முடியாதா என்றால், முடியும். சீரிஸில் 8 ஓமாக இணைத்துப் பிரிட்ஜில் மாட்டினால் ஒவ்வொரு சேனலும் 4 ஓம் காணும், சேனலுக்கு 100 வாட் வீதம் மொத்தம் 200 வாட் கிடைக்கும். 300க்குப் பதில் 200 தானே என்று வருத்தப்பட வேண்டாம். காது வாட்டை நேர்விகிதத்தில் கேட்பதில்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால்தான் 3 டெசிபல் கூடும். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 200க்கும் 300க்கும் உள்ள இடைவெளி 2 டெசிபலுக்கும் குறைவு. ஓடும் காரில், டயர் இரைச்சலுக்கு நடுவில், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு நண்பர் இந்த ஜோடியை ஏற்கெனவே வாங்கிவிட்டு என்னிடம் வந்திருந்தால், 8 ஓமில் மாட்டி நிம்மதியாக ஓட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பதால் வேறொன்று சொல்கிறேன். சப்பை முதலில் தேர்ந்தெடுங்கள், அதன் காயில் எந்த ஓமில் முடியும் என்று பாருங்கள், பிறகு அந்த ஓமில் அந்த ஆர்.எம்.எஸ். வாட்டைத் தரும் ஆம்பைத் தேடுங்கள். இதே சப் வேண்டுமென்றால், 2 ஓமில் 300 முதல் 350 வாட் ஆர்.எம்.எஸ். தரும் ஒற்றைச் சேனல் ஆம்ப், மோனோபிளாக் என்பார்களே, அதை வாங்குங்கள். அவற்றில் இப்போது பெரும்பாலானவை கிளாஸ் டி வகை. இழுக்கும் மின்சாரத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போகிறது. 300 வாட்டுக்கு கிளாஸ் ஏபி சுமார் 40 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் கிளாஸ் டி சுமார் 29 ஆம்பியரோடு நின்றுவிடுகிறது. பல சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கிறது, ஆல்டர்னேட்டரும் சிறியது. சில்க் போர்டு சிக்னலில் ஏசியும் விளக்கும் வைப்பரும் ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் அரை மணி நேரத்தில் அந்த 11 ஆம்பியர் மிச்சம் பெரிய மிச்சம். கடைக்காரரின் அந்த ஆம்பையே எடுப்பதாக இருந்தால், சப்பின் இரட்டை 2 ஓம் வடிவத்தைக் கேளுங்கள். சீரிஸில் அது 4 ஓமாகி ஆம்போடு சரியாகப் பொருந்தும். ஒரே சப்பை இரட்டை 2 ஓம், இரட்டை 4 ஓம் என்று இரண்டு வகையாகவும் விற்பது வழக்கம். மாடல் எண்ணில்தான் வேறுபாடு இருக்கும்.

ஆம்ப் பெரிதாக இருந்தால் சப் எரிந்துவிடும் என்ற உங்கள் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். சப்பை எரிப்பது வெப்பம். 400 வாட் ஆம்பை 300 வாட் சப்புக்குப் போட்டு அளவாக வைத்துக் கேட்டால் ஒன்றும் ஆகாது. 150 வாட் ஆம்பைப் போட்டு, சத்தம் போதவில்லை என்று ஆம்பிலுள்ள கெயின் திருகையும் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டையும் முழுவதும் திருகினால், அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிடும். இதைக் கிளிப்பிங் என்கிறோம். அப்படி வெட்டுப்பட்ட அலை, தாளில் எழுதிய 150 வாட்டைத் தாண்டிய ஆற்றலை இடைவிடாமல் காயிலுக்குள் செலுத்தும். சிறிய ஆம்ப் என்பதே ஆபத்து அல்ல. அதை வெட்டுப்படும் வரை விரட்டுவதுதான் ஆபத்து.

இனி வயர். என் அனுபவத்தில் முதன்முதலாக ஆடியோ செய்பவர்கள் ஒரு வாரம் யோசித்து சப் வாங்குவார்கள், ஒரு மணி நேரம் யோசித்து ஆம்ப் வாங்குவார்கள், வயரை யோசிக்கவே மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் முதல் காரில் ஒரு கடையில் ஆம்ப் பொருத்தினேன். சில மாதங்கள் கழித்து, ஊருக்குப் போகும் வழியில், அத்திப்பள்ளி டோலைத் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை வந்தது. வெளியே ஏதோ லாரியின் பிரேக் என்று நினைத்து ஜன்னலை ஏற்றினேன். வாடை கூடியது. பின்சீட்டிலிருந்த அம்மா, காலுக்கடியில் சுடுகிறது என்றார். வண்டியை ஓரம் கட்டிச் சாவியை எடுத்த பிறகும் கார்ப்பெட்டின் ஓரத்திலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அந்த வயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவிக்குக் கட்டுப்படாதது. பானெட்டைத் திறந்தேன், பேட்டரி டெர்மினலைக் கழற்ற என்னிடம் 10 எண் ஸ்பேனர் இல்லை. பின்னால் நிறுத்தியிருந்த லாரி டிரைவர் அண்ணன் ஒருவர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்து கழற்றினார். பிறகு பார்த்தபோது, எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவிலிருக்கும் தகட்டில் துளை போட்டு, துளையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட் வைக்காமல் வயரை இழுத்திருந்தார்கள். தகட்டின் விளிம்பு, எஞ்சினின் அதிர்வில், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு இன்சுலேஷனை அறுத்திருந்தது; எலி கடித்த இடம்போல அரை அங்குல நீளத்துக்கு உலோகம் பளபளத்தது. ஃபியூஸ் ஒன்று இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். பேட்டரிக்கும் அந்த ஃபியூஸுக்கும் நடுவிலிருந்த நான்கு மீட்டர் வயருக்கு எந்தக் காவலும் இல்லை.

பேட்டரியிலிருந்து வரும் வயரில், பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஆம்பைக் காப்பாற்ற ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் போடும் ஃபியூஸ் வயரையும் காரையும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களையும் காப்பாற்றுவதற்காக. வேலை முடிந்து காரை எடுக்கும்போது பானெட்டைத் திறக்கச் சொல்லி, கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்: ஃபியூஸ் எங்கே, குரோமெட் எங்கே. இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

தடிமனைப் பற்றிச் சொல்கிறேன். கார் ஆடியோவில் வயரைக் கேஜ் கணக்கில் சொல்வார்கள். எண் குறையக் குறையத் தடிமன் கூடும். நம் ஊர் எலக்ட்ரிக்கல் கடைகளில் ஸ்கொயர் எம்எம் கணக்கு. 8 கேஜ் என்பது சுமார் 8.4 ஸ்கொயர் எம்எம், 4 கேஜ் என்பது சுமார் 21 ஸ்கொயர் எம்எம். ஹேட்ச்பேக்கில் பேட்டரியிலிருந்து டிக்கி வரை, வளைவுகளையும் சேர்த்து, நாலரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 40 ஆம்பியர் ஓடினால், உண்மையான செம்பு 8 கேஜ் வயரில் 0.37 வோல்ட் இழப்பு. 4 கேஜில் 0.15 வோல்ட்.

இலவசக் கிட்டில் வருவது என்ன? பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். அது செம்பின் கடத்துதிறனில் 60 முதல் 65 சதவீதம் மட்டுமே கொண்டது. அதைவிட மோசம், வெளியே விரல் தடிமனுக்குச் சிவப்பு ரப்பர் இருக்கும், உள்ளே உலோகம் மிகக் குறைவாக இருக்கும். 8 கேஜ் என்று எழுதிய வயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே 4 ஸ்கொயர் எம்எம் அளவு மட்டுமே இருப்பதும் உண்டு. அப்படி ஒரு வயரில் அதே 40 ஆம்பியர் ஓடினால் 1.2 வோல்ட் இழப்பு. கிட்டத்தட்ட 49 வாட் வெப்பம், கார்ப்பெட்டுக்குக் கீழே. நல்லவேளையாக அது நாலரை மீட்டருக்கும் பரவிவிடும். வயரின் நுனியில் மாட்டும் உலோக முனையை லக் என்பார்கள்; சரியாக அழுத்தப்படாத ஒரு லக் இணைப்பில் அப்படிப் பரவாது. நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருக்கும் ஒரு தளர்ந்த இணைப்பில் 40 ஆம்பியர் ஓடினால் 16 வாட், நகக்கண் அளவு இடத்தில். சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துப் பாருங்கள். பாடல் ஒலிக்கும்போது சராசரியாக ஓடும் மின்னோட்டம் இதைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வயரையும் இணைப்பையும் உச்ச அளவை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடையிலேயே சோதிக்கலாம். வயரின் நுனியைச் சீவச் சொல்லி, ஒரே ஓர் இழையை இழுத்து, பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். தகரம் பூசிய நல்ல செம்பு வயர் வெளியே வெள்ளியாகவும் உள்ளே செம்பாகவும் இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் இதைச் செய்தால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தானே பிளேடை எடுத்துத் தருவார். கார் ஆடியோ பெயர் போட்ட செம்பு வயர் விலை அதிகமாகத் தோன்றினால், 25 ஸ்கொயர் எம்எம் செம்பு வெல்டிங் கேபிள் நல்ல மாற்று. நுண்ணிய இழைகளாக இருப்பதால் நன்றாக வளையும். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் விற்கிறார்கள் என்பதால் அங்கேயும் பிளேடு சோதனை வேண்டும். அதற்கேற்ற செம்பு லக்குகளையும் அங்கேயே வாங்கி, சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது 4 கேஜ் செம்பு. மோனோபிளாக்குக்கு மட்டும் என்றால் 8 கேஜ் செம்பே போதும். ஆனால் ஒருமுறை சப் போட்டவர், ஆறு மாதத்தில் கதவு ஸ்பீக்கர்களையும் மாற்றி அவற்றுக்கு ஒரு நான்கு சேனல் ஆம்ப் போடுவார்; இதற்கு மாறாக நடந்து நான் பார்த்தது அரிது. இரண்டும் சேர்ந்தால் 50 ஆம்பியர் வரை போகும். கார்ப்பெட்டை இரண்டு முறை கழற்றுவதைவிட இப்போதே தடித்த வயரைப் போட்டுவிடலாம். இப்போதைக்குப் பேட்டரியருகில் 40 ஆம்பியர் ஃபியூஸ், இரண்டாவது ஆம்ப் வரும்போது 60 ஆம்பியர். ஒரு ஃபியூஸ் எரிந்துபோனால் காரணத்தைத் தேடாமல் பெரிய ஃபியூஸ் போடக்கூடாது.

எர்த் வயரும் பாசிட்டிவ் வயரின் அதே தடிமனில், முடிந்தவரை அரை மீட்டருக்குள், காரின் உடல் தகட்டில் முடிய வேண்டும். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்த பிறகுதான் லக்கை வைத்து முறுக்க வேண்டும். முறுக்கிய பின் துருப்பிடிக்காமலிருக்க மேலே கொஞ்சம் பெயின்ட் பூசலாம். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுப்பது வழக்கமாக நடக்கிறது. அது உயிரைக் காக்கும் போல்ட், அதைத் தொடவே வேண்டாம். எஞ்சின் தானாக நின்று கிளம்பும் வசதியுள்ள புதிய கார்களில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலில் ஒரு சென்சார் இருக்கும். அத்தகைய காரில் எர்த்தை நேராக அந்த டெர்மினலுக்குக் கொண்டுபோனால் சென்சாரின் கணக்கு தவறிவிடும், ஆகவே உடல் தகட்டில்தான் எடுக்க வேண்டும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம் கூடிக்கொண்டே போனால், பெரும்பாலும் எர்த்தில்தான் கோளாறு. ஃபில்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். அதற்கு முன்னால் எர்த் இடத்தை மறுபடி சுரண்டி முறுக்கிப் பாருங்கள். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் இரைச்சல் வரலாம். பவர் வயர் காரின் ஒரு பக்கமும் ஆர்.சி.ஏ. மறுபக்கமும் போக வேண்டும்.

உங்கள் ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. வெளியீடு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக ஸ்டீரியோவை மாற்ற வேண்டியதில்லை. ஹை-லெவல் இன்புட் உள்ள ஆம்பாகப் பார்த்து வாங்கினால் பின்பக்கக் கதவு ஸ்பீக்கரின் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம். கம்பெனி வயரை வெட்டாமல், இடையில் செருகும் கப்ளர் போடச் சொல்லுங்கள். பழைய நிலைக்குத் திருப்ப வேண்டியிருந்தால் பிடுங்கிவிட்டால் போதும்.

பெட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சப்பின் ஓசையில் பாதி பெட்டிதான். எவ்வளவு காற்றளவுள்ள பெட்டியில் எந்த ஸ்பீக்கர் எப்படி ஒலிக்கும் என்பதைக் கணக்காக்கிக் கொடுத்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீலும், அங்கே ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மாலும்; அதனால்தான் விவரத் தாளில் தீல்-ஸ்மால் அளவுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீங்கள் அந்தப் பட்டியலைப் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதே தாளில் மூடிய பெட்டிக்கு இத்தனை லிட்டர், துளையுள்ள பெட்டிக்கு இத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும், அந்த அளவில் பெட்டி கேளுங்கள். 12 அங்குல சப்புக்குத் துளையுள்ள பெட்டி வழக்கமாக 50 லிட்டருக்கு மேல் கேட்கும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையையும் சேர்த்தால் வெளி அளவு 70 லிட்டரைத் தொடும். சிறிய ஹேட்ச்பேக்கின் டிக்கியே 250 லிட்டர் சுமார். சேலத்திலிருந்து திரும்பும்போது வீட்டில் கட்டிக் கொடுக்கும் அரிசி மூட்டையும் தேங்காயும் எங்கே போகும் என்று இப்போதே யோசியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 10 அங்குல சப்பை 18 முதல் 22 லிட்டர் வரையுள்ள மூடிய பெட்டியில் வைப்பேன். சிறிய மூடிய அறையான காருக்குள் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே வலுப்பெறும். ஹாலில் மெலிந்து ஒலிக்கும் மூடிய பெட்டி காரில் நிறைவாக ஒலிப்பது அதனால்தான். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். நாம் கேட்கும் எண்பதுகளின் தமிழ்ப் பாட்டில் அந்தக் கிட்டார் ஒவ்வொரு சுரமாக நடந்து போவது தெளிவாகக் கேட்க வேண்டும், ஒரே முழக்கமாகக் குழம்பக்கூடாது. மூடிய பெட்டி அதை நன்றாகச் செய்கிறது. எங்கும் அதிர வேண்டும், பக்கத்துக் காருக்கும் கேட்க வேண்டும் என்பது விருப்பமாக இருந்தால் துளையுள்ள பெட்டி; அதற்கு ஆம்பில் மிகத் தாழ்ந்த அலைகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி இசைவாக்கப்பட்ட அலைவரிசைக்குக் கீழே கோன் பிடிமானமின்றி ஆடி உடையலாம்.

ஆம்பைச் சப் பெட்டியின் மேலேயே திருகாதீர்கள், அதிர்வில் இணைப்புகள் தளரும். டிக்கியின் தரையிலும் வேண்டாம்; பெங்களூரு மழையில் தேங்கிய நீரில் ஒருமுறை போய்விட்டு வந்தால் தரைக்கம்பளம் எப்படி ஊறிக்கிடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். பின்சீட்டின் முதுகில் ஒரு பிளைவுட் பலகை வைத்து அதில் மாட்டினால் காற்றும் படும், நீரும் படாது.

கடைசி வேலை கெயின். இது சத்தத்தைக் கூட்டும் திருகு என்று பலரும் நினைக்கிறார்கள். ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலின் வோல்ட் அளவுக்கு ஆம்பை இணங்கச் செய்வதுதான் அதன் வேலை. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றும் இருந்தால் நீங்களே செய்யலாம்; வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் மலிவான மீட்டரும் அந்த அலைவரிசையில் சரியாகக் காட்டும். சப்பைக் கழற்றிவிடுங்கள். பேஸ் பூஸ்ட்டை அணையுங்கள், ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள், ஸ்டீரியோ வால்யூமை முழு அளவில் முக்காலுக்கு வையுங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வேண்டிய வோல்ட் கிடைக்கும்: 2 ஓமில் 300 வாட்டுக்கு 600இன் வர்க்கமூலம், அதாவது 24.5 வோல்ட். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் பிடித்துக்கொண்டு, அந்த எண் வரும் வரை கெயினை மெதுவாகத் திருகி நிறுத்துங்கள். அந்தத் திருகை அதன் பிறகு நண்பர்கள் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த ஒலிகளை மட்டும் சப்புக்கு அனுப்பும் லோ-பாஸை 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். சப்பின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்து, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

எல்லாம் முடிந்து முதல் முறை ஊருக்குப் போகும்போது, ஒரு மணி நேரம் நன்றாகப் பாட்டுக் கேட்டுவிட்டு டீ குடிக்க நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கம் கை போகாமல், பேட்டரியருகில் இருக்கும் ஃபியூஸ் பெட்டியையும் அதன் இரண்டு பக்க லக்குகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். டிக்கியில் எர்த் போல்ட்டையும் தொடுங்கள். சுற்றியிருப்பதைவிட எந்த இணைப்பாவது தனியாகச் சூடாக இருந்தால், ஆம்பை அணைத்துவிட்டு ஊர் போய்ச் சேருங்கள், அந்த லக்கைப் புதிதாகக் கிரிம்ப் செய்த பிறகு மறுபடி போடுங்கள்.